திரைக்குப் பின்னால் ஒலிக்கும் இசை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



திரைப்படங்களின் பின்னணி இசைத் தொகுப்புகளைக் கேட்டுச் சுவைப்பது பற்றி இன்று சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். பொருளைக் கேட்டதும் பெரியோர் சிலர் புருவம் நெரிப்பது தெரிகின்றது. சமய சங்கத்தின் மேடையில் சினிமாப் பேச்சா என்று அவர்கள் நினைப்பது நியாயமே. இளைஞர் சிலரோ, இன்றைக்குப் பாட்டுக் கச்சேரிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரு சாராருக்கும் ஏமாற்றம் அளிக்க வேண்டியுள்ளது. நாம் பேசப் போவது நடிகர்களைப் பற்றியுமன்று, பாட்டுகளைப் பற்றியுமன்று. பாட்டு முடிந்து, பேச்சும் ஓய்ந்து, படத்தில் ஒருவர் வாசற்படியில் தனியே உட்கார்ந்திருக்கும்போது மெல்ல ஒலிக்கின்றதே ஓர் இசை, அதைப் பற்றியே பேசப் போகின்றோம்.

அந்த இசை எல்லோருடைய காதிலும் விழுகின்றது. ஆனால் அதைக் கேட்பவர் மிகச் சிலரே. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு என்பதை இச் சபையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. கேள்விக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம்.

சினிமா இசைத்தட்டு என்றால் எமக்குப் பாட்டுத் தட்டுத்தான் ஞாபகத்துக்கு வரும். தமிழ்ப் படங்கள் பாட்டுகளோடு பிறந்தவை. ஆகவே தட்டில் வந்ததும் வானொலியில் ஒலித்ததும் பாட்டே. பாட்டில்லாத படங்களை ஏராளமாக எடுத்த ஹொலிவூட்டில் நிலைமை வேறாயிற்று. 1933 ஆம் ஆண்டு வெளிவந்த "கிங் கொங்" படத்துக்கு, வியன்னாவிலிருந்து சென்ற மக்ஸ் ஸ்டைனர் முழு ஓர்கெஸ்ட்ரா இசை அமைத்தார். பேசும்படத்தில் இசை எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அது காட்டிற்று. ஹொலிவூட் படமொன்றின் ஓர்கெஸ்ட்ரா இசை தட்டாகிக் கடைக்கு வந்த மிக முந்திய சந்தர்ப்பங்களுள் ஒன்று, மிக்லோஸ் ரோஷா இசையமைத்த "ஜங்கிள் புக்" என்னும் 1942 ஆம் ஆண்டுப் படத்தினுடையது. அதிலும் மைசூர்ப் பக்கத்தில் பிறந்து ஹொலிவூட்டில் புகழ்பெற்ற சாபு கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். தனி இசையை மட்டும் விற்க அன்று துணிவு வரவில்லைப் போலும்! ஆனால் 1977 இல், லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா வாசித்த "ஸ்டார் வோர்ஸ்" படத்தின் இசை இரண்டு பெரிய தட்டுகளாக வெளிவந்தபோது, அதிற் பாட்டுமில்லை, கதை சொல்பவருமில்லை. இருந்தும் உலகெங்கும் இளைஞர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

இது மேனாட்டார் சமாசாரம், எமக்கு இதிலென்ன உண்டு என்று கேட்கலாம். இந்தச் செவி எமக்குப் புதிதன்று என்பதே எமது பதில்.

கோயிற் திருவிழாக் காலத்தில் வீட்டில் இருப்பவரைப் பாருங்கள். அடுப்படியில் வேலையாக இருக்கும் பாட்டி, நாதஸ்வரத்தில் மல்லாரி எழுந்தவுடன், "சுவாமி வெளிக்கிட்டிட்டார்" என்று கையைக் கழுவிக்கொண்டு படலைக்கு வந்துவிடுகின்றார். மல்லாரியிற் சொல்லில்லை. கம்பீரநாட்டையின் சுரங்களும் தவிலின் நடையும் மாத்திரமே உண்டு. ஆயினும் அவர் மனக்கண்ணிற் சுவாமி தெரிகின்றார். கல்யாண வீட்டிற் கெட்டிமேளம் முழங்கினால், பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவரும் தாலி ஏறுவதை அறிவார். எமது நாட்டுக்கூத்தில் அரசன் வரும்போது அவனுக்குரிய வரவுப்பாட்டும், அதற்குரிய ஆட்டமும் உண்டல்லவா? ஒரு மெட்டு ஓர் ஆளை, ஒரு நேரத்தை, ஒரு நிகழ்ச்சியை எம்முன் கொண்டுவந்து நிறுத்தும் என்பது எமது முன்னோர் அனுபவித்து அறிந்த உண்மை. மேனாட்டுத் திரையிசையின் அத்திவாரமும் இதுதான்.

இனிச் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

எமது நாட்டோடு தொடர்புள்ள படத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். "குவாய் நதிப் பாலம்" என்னும் படம் 1957 இல் வெளிவந்தது. கதை சயாமிய மரண இரயில்பாதையைப் பற்றியது. ஆனால் பாலம் கட்டப்பட்டதும் தகர்க்கப்பட்டதும் எமது கித்துள்கலையில், களனி கங்கையின் மீது. ஆங்கிலேயப் போர்க்கைதிகள் கிழிந்த சப்பாத்துகளோடு, சீழ்க்கையடித்துக்கொண்டு முகாமுக்குள் அணிவகுத்து வருவார்கள். அந்த மெட்டு 1914 இல் எழுதப்பட்ட "கேணல் போகி" என்னும் படையணி மெட்டு. இசையமைப்பாளர் மல்கம் ஆர்னோல்ட் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அந்தச் சீழ்க்கையோடு பொருந்தி நடக்கக்கூடிய வேறொரு மெட்டைத் தாமே புனைந்து, பாண்ட் வாத்தியங்களிடம் கொடுத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன, ஒன்றையொன்று இடிப்பதில்லை. படம் பார்க்கும்போது எமது கண் சப்பாத்துகளிலும் முகங்களிலும் நிற்பதால் இது புலப்படுவதில்லை. இசையை மட்டும் கேட்கும்போது, சீழ்க்கை ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறு பக்கமுமாக, இரண்டு படைகள் ஒரே தெருவில் நடப்பது தெளிவாகத் தெரியும். இப் படத்தின் இசைக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது.

இரண்டு மெட்டுகளை ஒருங்கே கேட்பது எம்மவர்க்குச் சற்றுக் கடினம். எமது சங்கீதம் ஒரே இராகத்தின் வழியே ஆழ்ந்து செல்வது. மேனாட்டார் சங்கீதம் பல குரல்களைப் பக்கம் பக்கமாக நிறுத்துவது. நாம் படித்த மிஷன் பாடசாலையிற் காலை வணக்கத்தின்போது பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து பாடும். சைவப் பிள்ளைகளாகிய நாம் பின்வாங்கில் இருந்து, இன்று மேற்குரலைக் கேட்போம், நாளை அடிக்குரலைக் கேட்போம் என்று எமக்குள் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். சில மாதங்களில் நான்கையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்த விளையாட்டை எவரும் ஆடலாம். அதற்கு மதம் மாற வேண்டியதில்லை. மனத்தை ஒரு குரலின்மீது நிறுத்தினாற் போதும்.

அடுத்து, அயல்நாடாகிய இந்தியாவுக்குப் போவோம். சத்யஜித் ரேயின் "பதேர் பாஞ்சாலி" 1955 இல் வந்தது. இசை பண்டிட் ரவிசங்கர். அவருக்கு நேரம் கிடைக்காமையால், ஏறக்குறைய முழு இசையும் ஒரே இரவிற் பதிவு செய்யப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. அப்படத்தில் ஒரு கட்டம் உண்டு. நெடுநாட் சென்று வீடு திரும்பிய தகப்பன், மகளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகின்றான். மகள் இறந்துபோனதை அவன் அறியான். தாய் அந்தச் சேலையை வாயோடு அழுத்திக்கொண்டு கதறுகின்றாள். ஆனால் அவள் குரல் எமக்குக் கேட்பதில்லை. அதனிடத்தில் தார்ஷெனாய் என்னும் நரம்பு வாத்தியம் உச்சத் தாயியில் அலறுகின்றது. இராகம் பட்தீப், எமது கௌரிமனோகரி மேளத்தின் சுரங்களைக் கொண்டது. ஒரு தாயின் ஓலத்தை அப்படியே கேட்டிருந்தால், அது அந்தத் தாயின் துக்கமாக மட்டும் இருந்திருக்கும். வாத்தியம் அழுதபோது அது எல்லாத் தாய்மாரின் துக்கமுமாயிற்று. சங்கீத ஞானமுள்ள எமது பெரியோர் இந்த ஒரு பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களாயின், திரையிசை என்பது மலிவான சரக்கு என்று பிறகு சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது உதாரணம், அல்பிரட் ஹிட்ச்கொக்கின் "சைக்கோ". 1960 ஆம் ஆண்டுப் படம். பேர்னாட் ஹேர்மன் இதற்குக் குழலும் வேண்டாம், எக்காளமும் வேண்டாம், பறையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வயலின் குடும்பத்து நரம்பு வாத்தியங்களை மட்டும் கொண்டு இசை அமைத்தார். படம் கறுப்பு வெள்ளை; இசையும் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும் என்பது அவர் கருத்து. அதில் ஒரு பெண் திருடிய பணத்தோடு கார் ஓட்டிச் செல்லும் இடம் உண்டு. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு பெண் கார் ஓட்டுகின்றாள், அவ்வளவுதான். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதை நாம் அறிவது வயலின்களாலேயே. குளியலறைக் கொலைக்கு இசை வேண்டாம் என்றே ஹிட்ச்கொக் முதலில் சொல்லியிருந்தார். ஹேர்மன் கேளாமல் எழுதினார். கேட்ட பின் ஹிட்ச்கொக் மனம் மாறினார். அந்த வயலின் அலறலை இன்று படம் பார்க்காதவரும் அறிவர்.

நான்காவதாக, ஒரே மெட்டு காலத்தோடு எப்படி வளர்கின்றது என்பதைப் பார்ப்போம். ஜோன் வில்லியம்ஸ் 1980 இல் வந்த இரண்டாவது "ஸ்டார் வோர்ஸ்" படத்திலே கொடியவனாகிய டார்த் வேடருக்கு ஒரு படைநடை மெட்டுக் கொடுத்தார். எக்காளங்கள் இடிபோல முழங்கும் மெட்டு அது. 1983 இல் வந்த அடுத்த படத்தின் முடிவில், அவன் மனந்திருந்தி மகனின் கையிற் சாகும்போது, அதே மெட்டு மீண்டும் வருகின்றது. ஆனால் இடிமுழக்கமாக அன்று. மெலிந்து, துண்டு துண்டாகி, கடைசியில் ஹார்ப் என்னும் மேனாட்டு யாழின் சில நரம்புகளில் அடங்கிவிடுகின்றது. சுரங்கள் அவையே, உயிர் வேறு. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1999 இல் வந்த படத்தில், அவன் ஒன்றுமறியாச் சிறுவனாக வருகின்றான். அவனுக்கு இனிமையான ஒரு பிள்ளை மெட்டு. அந்த மெட்டின் வாலில், மிக மென்மையாக, பழைய கொடிய மெட்டின் சாயல் எட்டிப் பார்க்கின்றது! பிள்ளையின் முகத்தில் வரப்போகும் வினையை இசை மட்டும் அறிந்திருக்கின்றது. ஊழ், வினை என்று பிரசங்கங்களிற் கேட்டு வளர்ந்த எமக்கு, இந்த இடம் உடனே விளங்கும்.

இனி எப்படிக் கேட்பது என்பதற்கு வருவோம். நாம் பழகிக்கொண்ட சில முறைகளைச் சொல்லுகின்றோம், பிடித்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேறு வேலை செய்யாமற் கேட்க வேண்டும். பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷம் அளவில் ஓடும். அவ்வளவு நேரம் இருந்தாற் போதும். இன்று தட்டு வேண்டியதில்லை, இறுவட்டும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலேயே எல்லாம் கிடைக்கின்றது. ஆயினும் தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அடிக்குரல் வாத்தியங்கள் கேட்கமாட்டா. நல்ல ஹெட்போன் ஒன்று போதுமானது.

இரண்டாவது, பிரதான மெட்டை முதலிற் பிடித்துக்கொண்டு, அது திரும்பி வரும் இடங்களைக் கவனிக்க வேண்டும். எந்த வாத்தியத்தில் வருகின்றது? வேகமாகவா, மெதுவாகவா? முழுவதுமா, பாதியா? கீர்த்தனையில் ஒரே வரிக்குச் சங்கதிகள் விரிவதைக் கேட்டுத் தலையசைப்பவர்க்கு இது எளிது.

மூன்றாவது, இசை இல்லாத இடங்களையும் அறிய வேண்டும். "குவாய் நதிப் பாலம்" படத்தின் இறுதிக் கட்டத்தில், பாலத்தைத் தகர்க்கக் காத்திருக்கும்போது, நீண்ட நேரம் இசையே இல்லை. ஆற்றோசையும் வரும் புகைவண்டியின் ஓசையுமே கேட்கும். எங்கே வாய் மூட வேண்டும் என்பதை அறிந்தவனே நல்ல இசையமைப்பாளன். இது தொகுப்பிற் கிடைக்காது. ஆகவே இசையைக் கேட்ட பின் ஒருமுறை படத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தொகுப்பு படத்தின் அச்சுப்பிரதியன்று என்பதையும் மறக்கலாகாது. "ஸ்டார் வோர்ஸ்" தட்டில் வில்லியம்ஸ் கேட்பவரின் வசதிக்காக வரிசையை மாற்றியமைத்தார். ஹேர்மன் 1975 இல், தாம் இறந்த ஆண்டில், "சைக்கோ" இசை முழுவதையும் லண்டனில் மீண்டும் நடத்திப் பதிவு செய்தார். அது படத்தில் உள்ளதிலும் நிதானமானது.

இங்கே சில ஆட்சேபங்களுக்கு விடை கூற வேண்டும். சினிமா இளைஞரைக் கெடுக்கின்றது என்பார் உளர். கெடுக்கும் படங்கள் இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் கண்ணை மயக்குவதே சினிமாவின் குற்றமென்றால், கண்ணை மூடிக்கொண்டு செவியைத் தீட்டுவது அதற்கு மருந்தேயன்றி நோயன்று. கர்நாடக சங்கீதம் இருக்க இது எதற்கு என்பாரும் உளர். ஒருமணி நேரம் விரியும் ஆலாபனையும், நாற்பது விநாடியில் ஒரு மனநிலையைச் சொல்ல வேண்டிய பின்னணி இசையும் போட்டிக்கு நிற்பவையல்ல. இளைஞர் தரப்பில், படமில்லாமற் கேட்டால் அலுப்பாயிருக்கின்றது என்பார்கள். உண்மைதான், பல தொகுப்புகள் அலுப்பானவையே. முரசை ஓங்கி அடிப்பதையே வீரம் என்று கொண்டவையும் உண்டு. நல்லதைத் தெரிந்து கேட்கப் பழகுவதற்குத்தான் இந்தப் பேச்சு.

இவ்வளவும் இன்பத்தைப் பற்றிப் பேசினோம். இனி ஒரு கவலையைச் சொல்ல வேண்டும்.

ஹொலிவூட்டின் மிகப் பெரிய படக் கம்பெனிகளுள் ஒன்று எம்.ஜி.எம். 1970 ஆம் ஆண்டளவில் அக் கம்பெனி தன் இசை நூலகத்திலிருந்த ஓர்கெஸ்ட்ரா ஏடுகளை வேண்டாத குப்பையென்று கருதி, குழி நிரப்பக் கொடுத்துவிட்டது. பல்லாண்டுகளாக எழுதிச் சேர்த்த இசைப் பிரதிகள் மண்ணுக்குள் போயின. பிற்காலத்தில் ஜோன் வில்சன் என்னும் ஆங்கிலேயர் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எஞ்சிய சுருக்கக் குறிப்புகளின் துணைகொண்டு, வாத்தியம் வாத்தியமாக மீண்டும் எழுதினார். 2009 இல் லண்டன் புறோம்ஸ் இசைவிழாவில் அந்த இசை உயிர்த்தெழுந்து ஒலித்தது. குழியில் புதைந்ததைச் செவி மீட்டது!

இந்தக் கதை எமக்கு அந்நியமா? செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியிற் பிறந்தவர். எம்மைப்போல் மிஷன் கல்விக்கூடத்திற் படித்தவர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையினர் இச் சபையில் இருக்கின்றீர்கள். இழப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் படங்களின் பின்னணி இசையில் மிகப் பெரும்பகுதி தனியே தட்டாக வெளிவரவில்லை. பேச்சோடும் ஓசைகளோடும் கலந்து படச்சுருளுக்குள்ளேயே கிடக்கின்றது. இளையராஜா 1976 இல் "அன்னக்கிளி" மூலம் வந்த பிறகு நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பின்னணி இசை எழுதினார். பாட்டுகளை ஊரே அறியும். பின்னணி இசையைத் தேடிக் கேட்க வேண்டுமானால் படத்தைத்தான் போட வேண்டும். அண்மைக் காலத்திற் சில படங்களின் பின்னணி இசை தனியே வெளியிடப்படுவது நல்ல அறிகுறி. எமது நாட்டிலேயே எடுக்கப்பட்ட "குத்துவிளக்கு" (1972), "பொன்மணி" (1977), "வாடைக்காற்று" (1978) ஆகிய தமிழ்ப் படங்களின் இசையை இங்குள்ள இளைஞருள் எத்தனை பேர் செவிமடுத்திருக்கின்றோம்? கேட்பார் இல்லாத இசையைக் காப்பாரும் இரார்.

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். மாதம் ஒருமுறை, சங்க மண்டபத்தில் விளக்கைத் தணித்து, திரை போடாமல், ஒரு மணி நேரம் இசை கேட்கும் ஒரு மாலையை ஏற்படுத்துவோம். ஒரு மாதம் இளைஞர் ஒரு திரையிசைத் தொகுப்பைத் தெரிந்து விளக்கட்டும். மறு மாதம் பெரியோர் தமக்குப் பிடித்த நாதஸ்வர இசைத்தட்டைக் கொண்டுவந்து எமக்கு விளக்கட்டும். இரு தலைமுறையும் ஒரே கூரையின்கீழ் வாய் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே பெரிய காரியமல்லவா?

இரண்டாவது, வீடுகளின் பரண்களிலும் பெட்டகங்களிலும் கிடக்கும் பழைய இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள் எவையாயினும், எறிவதற்கு முன் சங்கத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். அவற்றிலிருந்து பிரதி எடுத்துவிட்டு, உரியவரிடமே திருப்பித் தருவோம். அதற்கான சாதனங்களை இயக்கத் தெரிந்த இளைஞர்கள் இச் சங்கத்தில் இருக்கின்றார்கள். அந்தப் பழைய நாடாக்களிற் கூத்தும் இருக்கலாம், திருவிழா மேளமும் இருக்கலாம், மறந்துபோன ஒரு படத்தின் இசையும் இருக்கலாம்.

காட்சிகள் நிறைந்த காலம் இது. கையளவு கண்ணாடியில் உலகமே ஓடுகின்றது, கண்ணுக்கு ஓய்வில்லை. செவிக்கும் ஓர் உரிமை உண்டு. அதை அதற்குக் கொடுப்போம்.